வாயு இல்லாமல் குளிரூட்ட முடியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளின் அருகே வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு வெப்பத்தைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு திரும்பினால் ஏசி தேவைப்படுகிறது. பல ஏசிகளில் ஓடும் ஆர்-32 வாயு கசிந்தால், கரியமில வாயுவைவிடச் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

வாயு இல்லாத வழி ஒன்றும் ஆராயப்படுகிறது. சில பொருட்களுக்கு மின்புலம் கொடுத்தால் உள்ளமைப்பு ஒழுங்காகிச் சூடு வெளிப்படும். அந்தச் சூட்டை அகற்றிவிட்டு மின்புலத்தை நிறுத்தினால், பொருள் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். 2006இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மெல்லிய பீங்கான் படலம் ஒன்றில் 12 டிகிரி மாற்றம் கண்டனர். ஆனால் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் அது நடந்தது. அதில் ஈயமும் இருந்தது. 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பாலிமரில், 100 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் இதைச் சாதித்தனர்.

இரண்டையும் ஏன் கலக்கிறார்கள்? பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான் மின்னூட்டத்தை நிறைய ஏற்கும். உயர் மின்புலத்தைத் தாங்காது. பாலிமர் தாங்கும், ஆனால் குறைவாகவே சேமிக்கும். நம் மின்விசிறிக் கண்டன்சரில் இருப்பதும் பாலிப்ரொப்பிலீன் என்ற பாலிமர் படலமே. பீங்கான் துகளைப் பாலிமரில் சீராகக் கலந்தால் குளிரூட்டவும் மின்சாரம் சேமிக்கவும் உதவும். துகள் கட்டிதட்டினால் அந்த இடத்திலேயே மின்சாரம் துளைத்துவிடும். சிக்கல் இங்குதான்.

பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள் உள்ள பகுதி இது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே புதிய பொருள் ஈயமற்றதாக இருப்பது நமக்கு முக்கியம். இயற்பியலும் வேதியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இத்துறையைக் கவனிக்கட்டும்.