பெயரற்ற முகங்கள்: மலேசியத் தமிழர்தம் குடும்ப நிழற்படங்களைப் பேணுதலும் பகிர்தலும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோருக்குக் கிட்டும் எழுத்துச் சான்றுகளுள் பெரும்பாலானவை அரசாங்கமும் தோட்ட நிருவாகமும் உருவாக்கியவை ஆகும். அவற்றில் தொழிலாளர்கள் பெரிதும் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றனர். அவர்களின் முகங்களைக் காட்டும் சான்றுகள் அவர்தம் இல்லங்களிலேயே உள்ளன. திருமணப் படம், தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், தோட்டத்துக் கோயில் திருவிழாப் படம் ஆகியன இவ்வகையின. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதும் அதற்கு மேலும் நிரம்பியோர்க்கு நிழற்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதற்கென எடுத்த சிறு படமே பாட்டனாரின் ஒரே படமாக எஞ்சியுள்ள குடும்பங்களும் உள.

பெயரும் இடமும் அறியப்படாத படம் சான்றாகும் தகுதியைப் பெரிதும் இழந்துவிடுகின்றது. ஆதலின் தாளைப் பேணுவதற்கு முன்னரே, படத்திலுள்ளாரைப் பற்றிய செய்தியைப் பதிவுசெய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செய்தியைப் பதிதல்

1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர் வேறு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் பல நகரங்களுக்குச் சிதறினர். அதனால் ஒரு படத்திலுள்ள அனைவரையும் அடையாளங்காட்ட வல்லார் ஓரிடத்தில் இல்லை.

மூத்தோரிடம் படத்தைக் காட்டி, வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டுக் குரலையும் பதிவு செய்யலாம். இங்கு இரு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, உறவுப்பெயர் சொல்வோரைப் பொறுத்து மாறுவது. ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால், யாருக்குப் பெரியம்மா என்பதை அடுத்த தலைமுறை அறியாது. இரண்டாவது, தோட்டங்கள் பலவற்றிற்கு ஆவணப்பெயர் ஒன்றும் மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் ஒன்றும் இருந்தன. இரண்டையும் குறித்தல் வேண்டும்.

படத்தின் பின்புறமுள்ள நிழற்பட நிலைய முத்திரை ஊரை அறிய உதவும், அதனை மறைக்கலாகாது. பின்புற விளிம்பில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பேனா மை ஊறி மறுபுறம் தோன்றக்கூடும். நெகிழிப் பூச்சுடைய வண்ணப்படங்களாயின் உறையின்மீது எழுதுவதே நன்று.

தாளைப் பேணுதல்

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது ஜெலட்டின் படலத்திலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்களாகும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் அப்படலத்தில் பூசணம் எளிதில் படரும், வெள்ளியும் மங்கும். வண்ணப்படங்களின் சாயமோ வெப்பத்தால் இருளிலும் வெளிறும். ஒட்டும் பக்கங்களைக் கொண்ட ஆல்பங்களின் பசையும் பி.வி.சி. உறைகளும் படத்திற்குக் கேடு விளைப்பன. அமிலமற்ற தாளுறையோ பாலிபுரோப்பிலீன் உறையோ ஏற்றது. ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாமல், கண்ணாடியுடனேயே படியெடுக்க வேண்டும். மாலை சாத்தி, விளக்கேற்றி வணங்கும் முன்னோர் படங்களுக்குப் படியெடுத்து அதனை மாட்டிவிட்டு, மூலத்தைக் காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் பெட்டியில் வைக்கலாம்.

பகிர்தல்

வருடியில் 600 டிபிஐ அளவில் டிஃப் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு ஜேபெக் படியை உருவாக்கலாம். புலனத்தில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருங்கித் தெளிவு குறைகின்றது. ஆதலின் அதனையே மூலப்படியாகக் கொள்ளலாகாது. மூன்று படிகளுள் ஒன்றேனும் வேறோர் உறவினர் இல்லத்தில் இருத்தல் நலம். தமிழ்நாட்டு உறவினர்க்குக் கடிதத்துடன் அனுப்பிய படங்கள் அங்கே எஞ்சியிருக்கலாம். அவற்றின் பின்புறக் குறிப்புகள் இங்குள்ள படங்களுக்கு விளக்கமாக அமையக்கூடும்.

பொதுவில் பகிருமுன் படத்திலுள்ளார் அல்லது அவர்தம் வழியினரின் இசைவைப் பெறுதல் முறையாகும். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் போன்ற நிறுவனத்திடம் ஒப்படைப்பின், பயன்பாட்டு நிபந்தனைகளை எழுத்துவடிவில் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இப்பணியில் தமிழாசிரியர்க்குப் பெரும்பங்கு உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் படத்தின் படியைக் கொணர்ந்து, தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்ததை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதலாம். மொழிப்பயிற்சியாகும் அதுவே வரலாற்றுப் பதிவாகவும் நிற்கும். 1957இல் பள்ளிச் சிறுவராய் இருந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். படத்தை நாளையும் படியெடுக்கலாம். பெயர்களை அவர்களிடம் இன்றே கேட்டறிதல் வேண்டும்.