இரண்டு எஞ்சின் இருந்தும் சிறிய விமானங்கள் ஏன் விழுகின்றன?



விமான விபத்து பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களை வரிசையாக எழுதிவிடுவார்கள்: மோசமான வானிலை, இயந்திரக் கோளாறு, விமானியின் கவனக்குறைவு. மூன்றும் தவறில்லை. ஆனால் 'எப்படி?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அடுத்த வரி வராது. விளக்கக் கட்டுரையின் உயிரே அந்த 'எப்படி'யில்தான் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டிலேயே நடந்த இரண்டு விபத்துகளும், வெளிநாட்டில் நடந்த சிலவும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

முதலில் சபா. 1976 ஜூன் 6. லாபுவானிலிருந்து கோத்தா கினாபாலுவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு நோமட் விமானம், விமான நிலையத்தை நெருங்கும் நேரத்தில் செம்புலான் அருகே கடலோரத்தில் விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் இறந்தனர். முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட ஆகாத துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ், மாநில அமைச்சர்கள் மூவர், அவருடைய மகன் ஒருவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆறாம் மாதம் ஆறாம் தேதி நடந்ததால் 'டபள் சிக்ஸ்' என்று சபா மக்கள் இன்றும் சொல்கிறார்கள். விழுந்த இடத்தில் நினைவுச் சின்னமும் இருக்கிறது.

விசாரணை அறிக்கை பல ஆண்டுகள் இரகசியமாகவே கிடந்தது. சபாவின் எண்ணெய் உரிமை பற்றிய ஒப்பந்தம் அந்த நாள்களில்தான் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அறிக்கை இல்லை, அரசியல் சூடு உண்டு என்றால் என்ன ஆகும்? சதி என்று பேச்சு கிளம்பியது. ஒரு தலைமுறையே அந்தச் சந்தேகத்தோடு வளர்ந்தது. 47 ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில்தான் அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. நாசவேலை, தீ, வெடிப்பு எதற்கும் ஆதாரம் இல்லை என்றது அது. அது காட்டிய முக்கியக் காரணம், கேட்பதற்குச் சப்பென்று இருக்கும்: பின்பக்கச் சாமான் அறையில் பாரம் அதிகம். அதனால் விமானத்தின் ஈர்ப்பு மையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது.

சாமான் கொஞ்சம் கூடிப்போனதற்கா ஒரு விமானம் விழும்? நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்த நெம்புகோல் பாடத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். 40 கிலோ பெட்டி ஒன்றை விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால் அதன் திருப்பு விளைவு 40 × 0.5 = 20. அதே பெட்டியை 5 மீட்டர் பின்னால் வால் பக்கம் வைத்தால் 40 × 5 = 200. பெட்டி அதே பெட்டிதான், மொத்த எடையும் மாறவில்லை. ஆனால் வாலைக் கீழே அழுத்தும் விளைவு பத்து மடங்கு. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, நோமட் விமானத்தின் அளவுகள் அல்ல.) பெரிய பயணிகள் விமானத்தில் ஒரு பெட்டி இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் விமானத்தில் அப்படி இல்லை. அதனால்தான் சிறிய விமானங்களில் பயணிகளையே எடை பார்த்து, 'நீங்க முன்னால உட்காருங்க' என்று இடம் மாற்றுவார்கள். கூச்சமாக இருந்தாலும் அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொள்வது நல்லது.

சரி, வால் கனத்தால் என்ன ஆகும்? சாதாரணமாக விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையின் தூக்குவிசை செயல்படும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதனால் மூக்கு தானாகவே இறங்கப் பார்க்கும். வாலில் உள்ள சின்ன இறக்கை கீழ்நோக்கி அழுத்தி அதைச் சமன் செய்யும். காற்றடித்து மூக்கு உயர்ந்தாலும் விமானம் தானே பழைய நிலைக்குத் திரும்பும். பாரம் பின்னால் போகப் போக இந்தத் தானே திரும்பும் குணம் குறைந்துகொண்டே வரும். மூக்கு மேலே போகத்தான் பார்க்கும், விமானி கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் தள்ளித் தள்ளி அடக்க வேண்டியிருக்கும். வேகமாகப் பறக்கும்போது வால்மேல் காற்று பலமாகப் பாய்வதால் எப்படியோ சமாளித்துவிடலாம். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது அந்தக் காற்றும் குறைகிறது. கோலை முழுசாகத் தள்ளினாலும் மூக்கு இறங்காத ஒரு கட்டம் வரும். மூக்கு உயர உயர, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்து கலைந்துவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும்.

இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்டால்' என்கிறார்கள். இங்கே மொழி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இதை 'எஞ்சின் நின்றுவிட்டது' என்று மொழிபெயர்ப்பது தவறு. கார் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டால் என்றால் எஞ்சின் அணைவது, அதனால் வரும் குழப்பம் இது. விமானத்தில் இரண்டு எஞ்சினும் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதுகூட ஸ்டால் நடக்கலாம். 'தூக்குவிசை இழப்பு' என்று எழுதினால் பொருள் சரியாக வரும். உயரத்தில் நடந்தால் மூக்கை இறக்கி, உயரத்தைச் செலவழித்து, வேகத்தை மீட்டுவிடலாம். தரைக்குப் பக்கத்தில் செலவழிக்க உயரம் ஏது?

இப்போது எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். 'ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கே' என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். பாதி உண்மைதான். ஒரு கணக்கு போடுவோம். இரண்டு எஞ்சினும் சேர்ந்து 300 குதிரைத்திறன் கொடுக்கிறது, உயரம் குறையாமல் நேராகப் பறக்க மட்டுமே 120 தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 180, அதுதான் மேலே ஏற உதவும். ஓர் எஞ்சின் நின்றால் 150தான் உண்டு. 120 போக மிச்சம் 30. எஞ்சின் பாதி போனது, ஆனால் மேலேறும் சக்தியில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது! நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம். ஏனென்றால் நின்றுபோன எஞ்சினின் சுழல்விசிறி காற்றை மறித்துத் தடையாக நிற்கும். அதன் தகடுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டால்தான் தடை குறையும். வெப்பமான நாள், முழுப் பாரம் என்றால் பல சிறிய விமானங்கள் ஓர் எஞ்சினில் மேலேறவே மாட்டா, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதைவிட ஆபத்து, விமானம் பக்கவாட்டில் திரும்புவது. எஞ்சின்கள் இறக்கைக்கு ஒன்றாக மாட்டப்பட்டிருப்பதால், இடது நின்றால் வலது மட்டும் இழுக்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். படகில் இரண்டு பேர் துடுப்புப் போடும்போது ஒருவர் நிறுத்திவிட்டால் படகு வளைவது போலத்தான். வலது காலால் மிதியை அழுத்திச் சுக்கானைத் திருப்பி விமானி இதைச் சமாளிக்க வேண்டும். ஆனால் சுக்கானுக்கும் காற்றோட்டம் வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் சுக்கானை முழுக்கத் திருப்பினாலும் போதாது, விமானம் சுழன்று கவிழ்ந்துவிடும். இரட்டை எஞ்சின் விமானத்தின் வேகமானியில் அந்த வேகத்தைச் சிவப்புக் கோடாகவே போட்டிருப்பார்கள். ஓர் எஞ்சினில் நன்றாக மேலேறும் வேகத்துக்கு நீலக் கோடு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எஞ்சின் நின்றால் விமானம் நேராகச் சறுக்கி இறங்கும், அவ்வளவுதான். இரண்டாவது எஞ்சின் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கு மட்டும்.

எந்த எஞ்சின் நின்றது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய பயிற்சி முறை உண்டு. எந்தக் கால் அழுத்த வேண்டியதில்லாமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. இதையும் அவசரத்தில் மறந்துவிடுவது உண்டு. 2019 ஜூன் 30, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், அடிசன். கிங் ஏர் 350 ரக விமானம் ஒன்று மேலெழுந்ததும் இடது எஞ்சினின் உந்துவிசை குறைந்தது. விமானி முதலில் இடது மிதியை அழுத்தினார், அதாவது திரும்பிக்கொண்டிருந்த பக்கமே. சுமார் இரண்டு விநாடி கழித்து வலது மிதிக்கு மாறினார். நேரம் கடந்துவிட்டது. விமானம் ஒரு கொட்டகைமீது மோதி 10 பேரும் இறந்தனர். உந்துவிசை ஏன் குறைந்தது என்பதை விசாரணையால் உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றாததையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

சற்றுப் பெரிய விமானம்தான் என்றாலும் தைப்பே விபத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72 விமானத்தில் வலப்பக்க விசிறி தானாகத் தடைகுறை நிலைக்குப் போய்விட்டது. விமானியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சினை அணைத்தார். 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

எஞ்சின் இரண்டும் ஒழுங்காக ஓடியும் விழுந்த கதை வேண்டுமா? 2017 பிப்ரவரி 21, மெல்பர்னின் எசெண்டன் விமான நிலையம். கிங் ஏர் பி200 விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்து சில விநாடிகளிலேயே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த பேரங்காடிக் கட்டடத்தில் விழுந்தது. விமானியும் நான்கு பயணிகளும் இறந்தனர். சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து நிறுத்திவைக்கும் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. அது நடுவில் இருக்க வேண்டியது, முழுக்க இடப்பக்கம் திருப்பப்பட்டிருந்தது. கிளம்புமுன் அதைக் கவனிக்கப் பட்டியலில் ஒரு தடவை அல்ல, பல தடவை வாய்ப்பு இருந்தது. தினமும் செய்கிற வேலையில்தான் கண் பார்க்கும், மனசு பார்க்காது. மறுபார்வை செய்யாமல் தேர்வுத்தாளைக் கொடுக்கிற மாணவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

எல்மினாவும் இந்த வகையில்தான் வரும். 2023 ஆகஸ்ட் 17-ஆம் தேதி லங்காவியிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் பிரிமியர் ரகச் சிறு ஜெட், ஷா ஆலம் எல்மினா பக்கம் நெடுஞ்சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேர், சாலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போன இருவர், ஆக 10 பேர் இறந்தனர். இதற்கும் இரண்டு எஞ்சின், ஆனால் இரண்டும் உடலின் பின்பகுதியில் ஒட்டினாற்போல் இருப்பதால் மேலே சொன்ன திருப்பம் இதில் குறைவு. விபத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது, இறக்கைமேல் இருக்கும் தகடுகள் தவறுதலாக விரிந்துவிட்டன என்றது இறுதி அறிக்கை. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, தூக்குவிசையைக் கொன்று விமானத்தின் எடையைச் சக்கரத்தின்மேல் இறக்குவதற்கான தகடுகள் அவை. அப்போதுதான் பிரேக் பிடிக்கும். வானத்தில் விரித்தால் அதே வேலையைத்தான் செய்யும்! அதனால் பறக்கும்போது விரிக்கக் கூடாது என்று விமானக் கையேட்டிலேயே தடை உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் நேப்பாளத்தின் பொக்காராவில் 72 பேர் இறந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. வேறு நெம்புகோலைப் பிடிக்க வேண்டிய கை, விசிறிகளின் நெம்புகோல்களைப் பிடித்துவிட்டது.

இப்போது மாணவர் கட்டுரைக்குத் திரும்புவோம். 'விமானியின் கவனக்குறைவே காரணம்' என்று முடிப்பது சுலபம். ஆனால் அனைத்துலக விதிப்படி விமான விபத்து விசாரணையின் நோக்கம் மறு விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவது அல்ல. பழி சொன்னதும் கேள்வி நின்றுவிடும். பாரத்தை ஏற்றியது யார், எடை பார்க்க ஆள் இருந்ததா, இரண்டு நெம்புகோல்கள் ஏன் பக்கத்தில் பக்கத்தில், பயிற்சி எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டால் காரணங்கள் சங்கிலிபோல் வரும். 'அதனால்', 'அதன் விளைவாக', 'இருந்தபோதிலும்' போன்ற இணைப்புச் சொற்கள் அப்போதுதான் கட்டுரையில் உண்மையான வேலை செய்யும். சும்மா அலங்காரத்துக்கு வராது. டபள் சிக்ஸ் பற்றி எழுதும் மாணவர், வதந்தி வேறு, அறிக்கை வேறு என்று பிரித்துக் காட்டினால் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. கடுதாசி விமானம் ஒன்று மடித்து, மூக்கில் ஒரு காகிதக் கவ்வியைச் செருகிப் பறக்க விடுங்கள். ஒழுங்காகச் சறுக்கிப் போகும். அதே கவ்வியைக் கழற்றி வாலில் செருகி, அதே வேகத்தில் எறியச் சொல்லுங்கள். மூக்கு மேலே தூக்கும், ஒரு கணம் காற்றில் தயங்கும், பிறகு தொபுக்கென்று விழும். 'எடை மாறலையே சார், ஏன் விழுந்துச்சு?' என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், பலகையில் நெம்புகோலை வரையச் சொல்லி அவரிடமே சுண்ணாம்புக்கட்டியைக் கொடுங்கள்.