மூணே செகண்டில் தோத்த ரோபோ கை!

கேன்டீன் டேபிளில் முழங்கையை ஊன்றி, ஃப்ரெண்டோட கையை மடக்கிப் பார்த்திருப்பீங்கதானே? அதே பஞ்சா போட்டி 2005 மார்ச் 7-ம் தேதி, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்தது. ஒரு பக்கம், 17 வயசு பள்ளி மாணவி. எதிர்ப்பக்கம், மூன்று ரோபோ கைகள். ஒவ்வொன்றாக வந்து மோதின. முதல் கை 26 செகண்ட் தாக்குப்பிடித்தது. அடுத்தது 4 செகண்ட். கடைசிக் கை மூணே செகண்ட்... படார்!

'ரோபோ எப்படிங்க தோக்கும்?'னு கேட்கறீங்களா? விஷயமே அங்கேதான் இருக்கு. இந்தக் கைகளுக்குத் தசையா இருந்தது மோட்டாரும் கியரும் இல்லை. கரன்ட் கொடுத்தா வடிவம் மாறுகிற பாலிமர். செல்லப்பெயர், செயற்கைத் தசை. 'இதை வெச்சு மனுஷனை ஜெயிச்சுக் காட்டுங்க பார்ப்போம்' என்று 1999-லேயே சவால் விட்டவர், நாஸாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் இருந்த யோசஃப் பார்-கோஹன்.

சப்பாத்தி ஃபார்முலா

இந்தத் தசைகளில் பல ரகம் உண்டு. நாலு செகண்டில் தோத்தது, சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் செய்த கை. அதில் இருந்தது டைஎலெக்ட்ரிக் எலாஸ்டோமர். பேரைப் பார்த்து மிரள வேண்டாம். ப்ளஸ் டூவில் படித்த கெபாசிட்டர்தான். இழுபடுகிற ரப்பர் மாதிரியான ஒரு மெல்லிய ஃபிலிம். இரண்டு பக்கமும் கார்பன் கலந்த பூச்சு. ஒரு பக்கம் ப்ளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்க, நடுவில் மாட்டிய ஃபிலிம் நசுங்கும். ஆனால், அதன் கன அளவு மாறாது. அப்புறம் என்ன செய்யும்? கட்டையில் அழுத்தின சப்பாத்தி மாவு மாதிரி பக்கவாட்டில் விரியும். மின்னூட்டத்தை எடுத்துவிட்டால், பழையபடி சுருங்கிடும்.

கணக்கும் சிம்பிள்தான். வோல்டேஜ் இரண்டு மடங்கானால், அழுத்தம் நாலு மடங்கு. அதே வோல்டேஜில் ஃபிலிமைப் பாதியாக மெலிய வைத்தாலும் நாலு மடங்கு. தலைவலியும் இங்கேதான். உருப்படியாக விரிய, பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். ஃபிலிமில் துளி குறை இருந்தாலும், அந்த இடத்தில் மின்சாரம் ஓட்டை போட்டுவிடும். தசை அவுட்!

ஐடியா என்னவோ பழசு. 1880-லேயே ஒரு ரப்பர் பட்டையில் எடையைத் தொங்கவிட்டு, மின்னூட்டம் கொடுத்தால் அதன் நீளம் மாறுவதைப் பார்த்தவர் ராண்ட்ஜன். யெஸ், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த அதே ராண்ட்ஜன்! 2000-ல் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வகத்தின் ரான் பெல்ரைன் குழு, ஃபிலிமை 100 சதவிகிதத்துக்கும் மேல் விரிய வைத்து 'சயின்ஸ்' இதழில் எழுத, துறை சூடு பிடித்தது. அவர்கள் பயன்படுத்தியதில் ஒன்று, 3எம் கம்பெனி விற்கிற ஒட்டும் டேப்!

தோல்விக்கு மார்க் போட்டாங்க

எம்பா கைக்குள் இப்படிச் சுருட்டிய தசைகள் 250-க்கும் மேல். அப்படியும் நாலே செகண்ட். மூணு செகண்டில் தோத்த கையைச் செய்தது யார் தெரியுமா? வர்ஜினியா டெக் காலேஜ் மாணவர்கள். உங்க செட்டுதான்!

தோத்ததும் யாரும் கடையைச் சாத்தலை. அடுத்த வருஷம் மல்லுக்கட்டை நிறுத்திவிட்டு, கைகளின் விசையையும் வேகத்தையும் கருவி வைத்து அளந்தார்கள். அந்த மாணவி சுமார் 100 மடங்கு முன்னால் இருந்தார். இன்னும் எவ்வளவு தூரம் போகணும்னு நம்பரோடு தெரிந்தது.

இந்தத் தசை ஜெயித்த இடமே வேற. 2019-ல் ஹார்வர்டு குழு, இதை வைத்துப் பூச்சி சைஸ் ரோபோவைப் பறக்கவிட்டது. பவர் மட்டும் மெல்லிய ஒயர் வழியாக. சுவரில் முட்டினாலும், கீழே விழுந்தாலும் தசைக்குச் சேதமில்லை. 2021-ல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்டது இன்னும் அசத்தல். 22 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ரோபோ மீன். தென்சீனக் கடலில் 3,224 மீட்டர் ஆழத்தில் தானாக நீந்தியது. மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்தில், ஒரு கருவியில் பொருத்தப்பட்டபடி துடுப்பை ஆட்டிக் காட்டியது. அங்கே அழுத்தம், நம் வளிமண்டலத்தைவிட 1,000 மடங்குக்கும் மேல்! மிருதுவா இருக்கிறது பலவீனம்னு யார் சொன்னது?

பாக்கி வேலை நிறைய இருக்கு. வோல்டேஜ் குறையணும், ஃபிலிம் மெலியணும், ஆயுள் கூடணும். கெமிஸ்ட்ரி, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என மூணு டிபார்ட்மென்ட்டுக்கும் இதில் இடம் இருக்கு. ப்ராஜெக்ட் டாபிக் தேடறவங்க யோசிக்கலாம். ஒரே கண்டிஷன்... விளையாடப்போவது ஆயிரக்கணக்கான வோல்ட்டோடு. ஹாஸ்டல் ரூமில் வேண்டவே வேண்டாம். லேபில், விஷயம் தெரிஞ்ச புரொஃபசர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

உங்க கையும் தோத்துடுமோனு பயமா? நாலு செகண்ட் நின்னாலே, வர்ஜினியா டெக் பசங்களை முந்தியாச்சு!