மின்னஞ்சலில் இருதெரிவு வாக்கெடுப்பு

மின்னஞ்சல் இருதெரிவு வாக்கெடுப்பு என்பது, ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மடலுக்குள்ளேயே ஒரு கேள்வியையும் அதற்கு இரண்டே விடைகளையும் வைத்து, படிப்பவரை ஒரே தொடுதலில் விடையளிக்கச் செய்யும் முறை ஆகும். தனியாக ஒரு படிவத்தைத் திறந்து பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் பெரும்பாலோருக்குப் பொறுமை இருப்பதில்லை. "இதுவா, அதுவா?" என்று கேட்டால் பேருந்தில் நின்றுகொண்டே பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை பரவியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மடலைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை மடலில் பதிப்பது நெடுநாள் வழக்கம். படம் வழங்கியிலிருந்து இறங்கினால் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, பயனர் மடலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. அதன்பின் "திறந்தோர் விழுக்காடு" நம்பத்தகாத எண்ணாகிவிட்டது. வாசகர் தாமாக எதையாவது தொட்டால்தான் அவர் படித்தார் என்று சொல்ல முடியும் என்ற நிலையில், தொடுவதற்கு ஏதாவது ஒன்று மடலில் தேவைப்பட்டது. அந்தத் தொடுதலும் எப்போதும் மனிதருடையது அல்ல என்பதே இக்கட்டுரையில் அதிகம் பேசப்படும் சிக்கல்.

எடுத்துக்காட்டு: மரக்காணத்து உப்பு

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஊர் மரக்காணம். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் கழுவெளி நீர்நிலையும் இப்பகுதியில்தான் உள்ளன. சாலையில் போகிறவர்களுக்கு நினைவில் நிற்பவை இங்குள்ள உப்பளங்கள். இங்கு விளையும் உப்பை வீடுகளுக்கு நேரடியாக விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதனிடம் 2,000 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். உப்பு வாருவது நின்றுவிடும். அதற்குமுன் கையிருப்பைப் பைகளில் அடைத்தாக வேண்டும். பெயர் அச்சிட்ட பைகளை வாங்கியபின் திருப்பித் தர இயலாது. எனவே அரை கிலோப் பை அச்சிடுவதா, ஒரு கிலோப் பை அச்சிடுவதா என்பது அந்த நிறுவனத்துக்குப் பணம் சார்ந்த முடிவு. வாடிக்கையாளர்களையே கேட்டுவிடலாம் என்று மடல் தயாரிக்கிறார்கள்.

மடலுக்குள் வாக்குப் பொத்தானை வைக்கும் வழிகள்

இணையப் பக்கத்தில் வாக்கெடுப்பு வைப்பது எளிது. மடலில் வைப்பது அவ்வளவு எளிதல்ல. பாதுகாப்புக் காரணங்களால் அஞ்சல் செயலிகள் ஜாவாஸ்கிரிப்டை இயங்கவிடுவதில்லை. விண்டோசுக்கான அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மடல்களைக் காட்ட மைக்ரோசாஃப்ட் வேர்டின் பொறியைப் பயன்படுத்தியது. அதனால் உலாவியில் அழகாகத் தெரிவது அங்கே குலைந்துபோவதுண்டு.

மிகப் பழைய வழி, பதில் மடல். "அரை கிலோ" என்ற இணைப்பைத் தொட்டால், அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட புதிய மடல் ஒன்று திறக்கும். அதை அனுப்பினால் வாக்கு. எந்தச் செயலியிலும் இது வேலை செய்யும். ஆனால் "அனுப்பு" என்பதையும் அழுத்த வேண்டியிருப்பதால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். ஓர் அலுவலகத்துக்குள் மட்டும் என்றால் அவுட்லுக்கிலேயே வாக்களிப்புப் பொத்தான்கள் உள்ளன. வெளியிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு அவை உதவா.

இன்று பெரும்பான்மையாகப் பயன்படுவது இணைப்பு முறை. இரண்டு பொத்தான்கள், இரண்டு இணைய முகவரிகள். ஒவ்வொரு முகவரியிலும் பெறுநருக்குரிய மறைகுறி ஒன்றும் விடையின் குறி ஒன்றும் இருக்கும். பொத்தானைத் தொட்டால் உலாவி திறந்து வழங்கியை அழைக்கும். வழங்கி வாக்கைத் தரவுத்தளத்தில் எழுதி, நன்றிப் பக்கத்தைக் காட்டும். ஜோஹோவின் கேம்பெயின்ஸ் போன்ற எந்த மடல் சேவையைக் கொண்டும் இதைச் செய்யலாம். தனி நிரல் எழுதுவதும் மாணவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சிதான்.

மடலை விட்டு வெளியேறாமலே வாக்களித்து, முடிவையும் அங்கேயே பார்க்க வேண்டுமானால் ஏஎம்பி மடல் வேண்டும். கூகுள் இதை 2018 பிப்ரவரியில் அறிவித்து, 2019 மார்ச்சில் ஜிமெயிலில் செயல்படுத்தியது. இந்தியாவில் நெட்கோர், மெயில்மோடோ ஆகிய நிறுவனங்கள் இதைப் பெரிதும் முன்னெடுத்தன. ஜிமெயிலும் யாஹூவும் இதை ஏற்கின்றன. ஆப்பிளின் அஞ்சல் செயலி ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2020இல் தன் சோதனை முயற்சியை நிறுத்திக்கொண்டது. அனுப்புநர் முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும். மடலை வேறொருவருக்கு முன்னனுப்பினால் ஊடாடும் பகுதி கழன்றுவிடும். ஆகவே ஏஎம்பி மடலிலும், அது இயங்காத இடத்துக்காகச் சாதாரண இணைப்புப் பொத்தான்களை வைத்தே தீர வேண்டும். 2,000 பேருக்கு அனுப்பும் உப்பு நிறுவனத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

தமிழில் மடல் அமைப்பவர்கள் கவனிக்க இன்னொன்று. பொத்தானில் உள்ள சொல்லைப் படமாக்கக் கூடாது. படங்கள் தடுக்கப்பட்ட பெட்டியில் கேள்வி மட்டும் தெரியும், விடைகள் தெரியா. ஒருங்குறியில் எழுத்தாகவே இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், கைப்பேசித் திரையில் இரண்டு பொத்தான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொல் உடையும். ஒன்றன்கீழ் ஒன்றாக, விரலுக்கு இடம் விட்டு அமைப்பதே நல்லது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் "கல்லுப்பு" என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட்டுகள் ஆகும். சுமார் 102 கிலோபைட்டுகளைத் தாண்டிய மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். வாக்குப் பொத்தான் அந்த வெட்டுக்குக் கீழே போய்விடாதபடி மேலேயே இருக்க வேண்டும்.

மனிதர் தொடாத வாக்கு

பல நிறுவனங்களின் அஞ்சல் வழங்கிகளில் பாதுகாப்பு மென்பொருள்கள் உள்ளன. உள்ளே வரும் மடலில் தீய இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க, அவை மடலிலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து பார்க்கக்கூடும். சாதாரண விளம்பர மடலில் இதனால் பெரிய கேடில்லை. வாக்கெடுப்பு மடலில் அப்படித் திறப்பதே வாக்காகிவிடும். அதுவும் இரண்டு விடைகளுக்கும்.

நமது எடுத்துக்காட்டில், 150 முகவரிகளிலிருந்து தொடுதல் பதிவானதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 60 முகவரிகள், மடல் போய்ச் சேர்ந்த சில நொடிகளிலேயே இரு பொத்தான்களையும் மேலிருந்து கீழாகத் தொட்டிருக்கின்றன. மீதமுள்ள 90 பேரில் 39 பேர் அரை கிலோவையும் 51 பேர் ஒரு கிலோவையும் தேர்ந்தெடுத்தார்கள். மடலில் அரை கிலோ மேலே, ஒரு கிலோ கீழே இருந்தது.

"முதல் தொடுதலே வாக்கு" என்று நிரல் எழுதப்பட்டிருந்தால் முடிவு: அரை கிலோ 99, ஒரு கிலோ 51. "கடைசித் தொடுதலே வாக்கு" என்று எழுதப்பட்டிருந்தால்: அரை கிலோ 39, ஒரு கிலோ 111. மக்கள் ஒன்றையே சொல்லியிருக்க, நிரலில் உள்ள ஒரு வரியைப் பொறுத்து நிறுவனம் நேர் எதிரான பைகளை அச்சிடும்.

இணைய நெறிமுறைகளை வகுத்தவர்கள் இத்தகைய சிக்கலை முன்பே கண்டிருக்கிறார்கள். ஒரு முகவரியை வெறுமனே திறந்து பார்ப்பதற்கான "கெட்" கோரிக்கை, வழங்கியில் எதையும் மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டுமானால் "போஸ்ட்" கோரிக்கையைப் பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. மடல் பட்டியலிலிருந்து ஒரே தொடுதலில் விலகுவதற்காக 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8058 என்ற நெறிமுறை, "போஸ்ட்" கோரிக்கையை வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம். பாதுகாப்பு மென்பொருள் இணைப்பைத் திறந்து பார்த்ததாலேயே ஒருவர் பட்டியலிலிருந்து நீங்கிவிடக் கூடாது அல்லவா? நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு அவ்வசதியை ஜிமெயில் 2024இல் கட்டாயமாக்கியது.

வாக்கெடுப்புக்கும் இதே பாடம் பொருந்தும். பொத்தானைத் தொட்டதும் வாக்கை எழுதிவிடாமல், திறக்கும் பக்கத்தில் "ஒரு கிலோ என்று பதியலாமா?" எனக் கேட்டு, அங்கே அழுத்துவதை மட்டும் எண்ணுவது மிகப் பாதுகாப்பான வழி. கூடுதலாக ஒரு தொடுதல் தேவைப்படுவதால் வாக்குகள் குறையும். குறைந்தாலும் அவை மனிதர் வாக்குகளாக இருக்கும். இதை விரும்பாதவர்கள், மனிதர் கண்ணில் படாத மூன்றாவது இணைப்பு ஒன்றை மடலில் வைத்து, அதையும் தொட்ட முகவரிகளைக் கழித்துவிடுகிறார்கள். சில நொடிகளுக்குள் இரண்டையும் தொட்டவற்றை நீக்குவதும் உண்டு. இவை முழுமையான தடுப்புகள் அல்ல. மடல் சேவை காட்டும் வண்ண வட்ட வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், நேர முத்திரையோடு கூடிய மூலப் பதிவை ஒருமுறையாவது திறந்து பார்ப்பது அவசியம்.

கேள்வி எது, எண்ணிக்கை எவ்வளவு

"கல்லுப்பா, தூளுப்பா?" என்பது பார்வைக்கு நல்ல இருதெரிவுக் கேள்வி. ஆனால் ஊறுகாய்க்கும் குழம்புக்கும் கல்லுப்பு, தயிர்சோற்றின்மேல் தூவத் தூளுப்பு என்று இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அவர்கள் எதைத் தொடுவார்கள்? "அடுத்த முறை வாங்கும்போது எந்தப் பை வேண்டும்?" என்பது போல, ஒருவர் உண்மையிலேயே ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் விடைக்குச் சற்றுச் சாதகம் உண்டு. எனவே பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி அனுப்புவது வழக்கம்.

"அயோடின் கலந்ததா, கலக்காததா?" என்றும் கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது. நேரடியாக உண்ணும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்கான தடை 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறையில் உள்ளது. சட்டம் முடிவு செய்துவிட்டதை வாக்குக்கு விடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

எண்ணிக்கைக்கு வருவோம். மரக்காணத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கீழூரில், 1954 அக்டோபர் 18 அன்று ஓர் இருதெரிவு வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா, வேண்டாமா என்பது கேள்வி. வாக்களித்த பிரதிநிதிகள் 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. யார் வாக்களிக்க உரியவர், எத்தனை பேர் வாக்களித்தார் என்பதெல்லாம் தெளிவாக இருந்ததால் அந்த எண்களுக்குப் பொருள் இருக்கிறது. மின்னஞ்சல் வாக்கெடுப்பில் 2,000 பேரில் 90 பேர் மட்டுமே பேசியிருக்கிறார்கள். பேசாத 1,910 பேரின் மனம் தெரியாது.

அந்த 90 பேரை ஒரு சமவாய்ப்பு மாதிரியாகவே எடுத்துக்கொண்டாலும், 95 விழுக்காடு நம்பிக்கை அளவில் பிழை எல்லை ஏறக்குறைய 10 புள்ளிகள். ஒரு கிலோவுக்குக் கிடைத்த 56.7 விழுக்காடு, 47ஆகவும் இருக்கலாம், 67ஆகவும் இருக்கலாம். அதாவது போட்டி முடியவில்லை. பிழை எல்லையை 5 புள்ளிகளாகக் குறைக்கச் சுமார் 400 வாக்குகள் தேவை. இந்த நிலையில் நிறுவனம் செய்யத்தக்கது இரு பைகளிலும் சிறிதளவு அச்சிட்டு விற்றுப் பார்ப்பதுதான். வாங்கிய பையைவிட நல்ல வாக்குச்சீட்டு வணிகத்தில் இல்லை.

இது மறைமுக வாக்கெடுப்பு அல்ல

தேர்தலில் பழகிய நமக்கு, வாக்கு என்றால் இரகசியம் என்ற எண்ணம் இயல்பாகவே உண்டு. மடலில் தொடும் வாக்கில் இரகசியம் இல்லை. இணைப்பிலுள்ள மறைகுறி, இன்னார் இதைத் தொட்டார் என்று பதிவு செய்கிறது. பை அளவு என்றால் அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே உப்பு நிறுவனம், சோடியம் குறைந்த உப்பை விற்க நினைத்து, "வீட்டில் இரத்தக் கொதிப்பு உள்ளவர் உண்டா? ஆம் / இல்லை" என்று கேட்டால்? ஒரு தொடுதலில் அந்தக் குடும்பத்தின் நோய்ச் செய்தி விளம்பரப் பட்டியலுக்குள் போய்விடுகிறது. "ஆம்" என்று தொட்டவர்களுக்கெல்லாம் தானாக விற்பனை மடல் போகும்படி அமைத்தால் ஆபத்து இன்னும் பெரிது. சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது; சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யக்கூடும். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியை உப்பு வியாபாரி பொத்தானாக்கக் கூடாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது தடையற்றதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் விவரம் அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் அச்சட்டம் தருகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. எனவே பொத்தான்களுக்குக் கீழே, "உங்கள் தெரிவு உங்கள் முகவரியோடு சேர்த்துப் பதிவாகும், பை அளவை முடிவு செய்ய மட்டும் பயன்படும்" என்று ஒரு வரி தமிழில் எழுதுவதில் சிரமம் ஒன்றுமில்லை.

முடிவு தெரிந்தபின் அதை வாக்களித்தவர்களுக்கு அறிவிப்பது பலர் மறந்துவிடும் வேலை. எத்தனை பேர் வாக்களித்தார்கள், எது எவ்வளவு பெற்றது, நிறுவனம் என்ன செய்யப்போகிறது என மூன்று வரிகள் போதும். அதன்பின் பெயரோடு கூடிய பதிவை அழித்துவிட்டு, மொத்த எண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய மடலைப் பல மாதங்கள் கழித்துத் திறந்து பொத்தானைத் தொடுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பிழைச் செய்தி காட்டாமல், வாக்கெடுப்பு முடிந்த நாளையும் அதன் முடிவையும் காட்டும் பக்கம் ஒன்று அந்த முகவரியில் இருக்க வேண்டும்.