பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

ரயிலே இல்லாத ஊரில் ஒரு ரயில்வே எஞ்சினீயருக்கு என்ன வேலை என்று ஜங்லிகாட்டில் என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. டிப்ளமோ முடித்து, பொன்மலைப் பணிமனையில் சேர்ந்து, 38 ஆண்டுகள் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளி 2019-ல் ஓய்வு பெற்றேன். 2020 தொடக்கத்தில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவனை ஊரடங்கு பிடித்து உட்கார வைத்துவிட்டது. பிறகு இந்தக் கடற்காற்றே பழகிப்போயிற்று. மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று தெருவார் கொண்டுவருவதைப் பார்த்து யோசனை சொல்வதே இங்கு என் வேலை. இப்போது அந்த வரிசையில் லேப்டாப்பும் சேர்ந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் ஒரு மாலை. மீன்பிடித் துறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கையில் ஒரு கடை நோட்டீஸோடு வந்தார்.

"சார், பொண்ணுக்கு லேப்டாப் வேணுமாம். கடையில 46,000 ரூபாய்க்கு ஒண்ணு காட்டினாங்க. சீட்டு எடுத்த பணம் 22,000 கையில இருக்கு. மீதியை மாசத் தவணையில கட்டலாம்னு சொல்றாங்க. இல்லேன்னா அவளைப் பாடத்தையே மாத்திக்கச் சொல்லிடலாமா?"

கடைசிக் கேள்விதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. பெண் பதினோராம் வகுப்பு. எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று இன்பர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ். வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அதில்தான் அவள் பைத்தான் மொழியில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா துறைக்குக் கிளம்பும்போது போனும் கூடவே போய்விடும். அவர் திரும்பும் வரை அவள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இந்த விஷயத்தில் யோசனை சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏமாந்ததால் வந்தது. 2021-ல் என் பேரனுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். மெல்லியதாக, அழகாக, விலையும் குறைவாக இருந்தது. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு. இரண்டுமே தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டவை. கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. இரண்டே ஆண்டில் விண்டோஸ் புதுப்பிப்புகளே இடத்தை அடைத்துக்கொண்டன. ஒரு பக்கம் திறப்பதற்குள் பையன் பல் துலக்கிவிட்டு வந்துவிடுவான். பணிக்காலம் முழுவதும் ஸ்பெசிபிகேஷனைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், சொந்தப் பணத்தில் வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைப் படிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையதுதான்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சி. 2005-ல் அமெரிக்காவின் நிக்கோலஸ் நெக்ரோபான்டி, ஏழைக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தருவோம் என்று அறிவித்தார். 2007-ல் அது தயாராகி வந்தபோது விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நம் நாட்டில் 2011 அக்டோபரில் 'ஆகாஷ்' டேப்லட் வந்தது. அரசுக்கு அதன் விலை சுமார் 2,250 ரூபாய். முதல் ஆகாஷில் இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 256 எம்.பி. ரேமும். விரலால் அழுத்தினால்தான் திரை கேட்கும். வேலைக்கு ஆகாத பொருள் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அது வீண் செலவுதான்.

பாடத்துக்கு எவ்வளவு தேவை?

கடைக்குப் போகும் முன் பிள்ளையின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இங்கே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைக்குத் தனி லேப்டாப் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆறு முதல் எட்டு வரை தட்டச்சு, படம் வரைதல், சிறு விளையாட்டு நிரல்கள். ஒன்பது, பத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுப்பவர்களுக்கு 'லிப்ரே ஆபீஸ்' கற்றுத் தருகிறார்கள். அது இலவச மென்பொருள். காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் மென்பொருளைக் கடைக்காரர் பில்லில் சேர்த்தால், பள்ளிப் பாடத்துக்கு அது அவசியமா என்று கேளுங்கள். பதினொன்று, பன்னிரண்டில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். இவையும் இலவசம். இவற்றுக்குப் பெரிய குதிரைசக்தி வேண்டியதில்லை.

ஆக, பள்ளி முடியும் வரைக்கும் போதுமான கணக்கு இதுதான்: 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., நன்றாக அழுந்தும் விசைப்பலகை, 14 அங்குலத் திரை, ஒரு கேமரா. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம் போதும் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது. அது ஓடுவதற்குப் போதும், படிப்பதற்குப் போதாது. நான் அனுபவித்தவன். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ளதை விலை குறைவென்று எடுக்காதீர்கள். அதில் ஓடும் பாகங்கள் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் இல்லை. ஓடும் பாகம் இருக்கும் இடத்தில்தான் தேய்மானம் என்பது எஞ்சினீயரிங் பாலபாடம்.

'குரோம்புக்' என்று ஒரு வகை இருக்கிறது. விலை குறைவு, வேகமும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் புதுப்பிப்புகள் நிற்கும் தேதி ஒன்று உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். அதன் பல வசதிகள் இணையத்தை நம்பியவை என்பதும் நம் ஊரில் யோசிக்க வேண்டியது.

நம் தீவுக்கென்று சில நிபந்தனைகள்

போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. மழையும் உப்புக்காற்றும் மாறவில்லை. சென்னையில் இருப்பவர் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாது.

முதலாவது இணையம். 2020 ஊரடங்கில் செயற்கைக்கோள் வழி வந்த இணைப்பில் பிள்ளைகள் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டு 10 அன்று சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. நிலைமை வெகுவாக மாறிற்று. ஆனாலும் இணைப்பு போகிற நாள் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசம். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ள லேப்டாப்பில் இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். மேஜைக் கணினிக்கு யு.பி.எஸ். தனியாக வாங்க வேண்டும். லேப்டாப்புக்கு அதன் பாட்டரியே யு.பி.எஸ். இந்த ஒரு காரணத்துக்காகவே நமக்கு லேப்டாப் நல்லது. ஆனால் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் சொருகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் லேப்டாப்பின் உலோக உடல் சுள்ளென்று கடிக்கும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

மூன்றாவது ஈரம். பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டி வைப்பதுதான் மழைக்காலத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு. தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், அதன் சூடே ஈரத்தை விரட்டும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களை எறியாமல் லேப்டாப் பையில் போடுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம்.

நான்காவது சர்வீஸ். 'வாரன்டி உண்டா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, கடல் தாண்ட வேண்டுமா?' என்று கேட்பவர் குறைவு. கடல் தாண்டிப் போன பெட்டி திரும்பி வருவதற்குள் ஒரு பருவத் தேர்வு முடிந்துவிடும். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பாட்டரியும் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் அபர்தீன் பஜாரில் உள்ள மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

ஓவர்ஹால் செய்த என்ஜின்

22,000 ரூபாய்க்குள் புதிதாகக் கிடைத்தவை எல்லாம் நான் ஏமாந்த அதே ரகமாக இருந்தன. ஆகவே அந்தத் தம்பியிடம் பழையது வாங்கச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "மத்த பிள்ளைங்க புதுசு வச்சிருக்கும் சார்" என்றார்.

பொன்மலையில் நாங்கள் செய்தது என்ன? ஓடிக் களைத்த என்ஜின் வரும். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து அனுப்புவோம். அது மறுபடியும் ஆயிரம் பயணிகளை இழுத்துக்கொண்டு போகும். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு உபயோகித்துக் கழிக்கும் லேப்டாப்புகளும் அப்படியே. அலுவலக உபயோகத்துக்கென்று கெட்டியாகச் செய்யப்பட்டவை. துடைத்துச் சரிபார்த்து விற்கிறார்கள். ஆனால் ஓவர்ஹால் நடந்ததா, வெறும் பெயின்ட் அடித்தார்களா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவுக்கு என் பழைய சகா ஒருவரை அனுப்பி, வீடியோ காலில் நான் கேட்டுக் கேட்டுச் சோதித்தவை இவை.

பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா? ஐ5 என்பதற்குப் பின்வரும் நான்கு இலக்க எண் 8250 என்றிருந்தால் முதல் எண்ணான 8-தான் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். எட்டுக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது.

பாட்டரி எப்படி? விண்டோஸே ஒரு பாட்டரி அறிக்கை தரும். அதில் பாட்டரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் இருக்கும். எங்கள் பெட்டியில் நூற்றுக்கு 71 நின்றது. 60-க்குக் கீழே என்றால் புது பாட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டும்.

வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் புள்ளிகள் தெரிகின்றனவா? எல்லா விசைகளும் எழுதுகின்றனவா? எல்லா யு.எஸ்.பி. துளைகளும் வேலை செய்கின்றனவா? கீல் தளர்ந்திருக்கிறதா? அரை மணி ஓடிய பின் அடிப்பாகம் கொதிக்கிறதா? அடியில் ஒட்டிய சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா? ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

19,500 ரூபாயில் முடிந்தது. விமானத்தில் வந்த தெரிந்தவர் ஒருவர் கைப்பையில் கொண்டுவந்தார். லித்தியம் பாட்டரி உள்ள சாமானைக் கையோடு கொண்டுவருவதே முறை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். ஐந்தாம் மாதம் பாட்டரி படுத்துவிட்டது. பெட்டியைச் சென்னைக்கு அனுப்பினால் அவளுடைய புராஜெக்ட் நின்றுவிடும் என்பதால் 2,600 ரூபாய் செலவழித்து இங்கேயே மாற்றினோம். இரண்டும் சேர்ந்து 22,100. தம்பி சொன்னார், "நூறு ரூபாய்தான் சார் கூடிப்போச்சு." கணக்கில் அவர் என்னைவிடக் கெட்டி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: 2025 இறுதியிலிருந்து மெமரி சிப்புகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. ஏ.ஐ. கணினி மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றனவாம். ஆகவே எங்கள் விலையை அப்படியே எதிர்பார்க்காமல், எங்கள் சோதனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் லேப்டாப்பை நடுக்கூடத்தில் வையுங்கள். ஒரு பிள்ளைக்கென்று வாங்கியது மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும், பெரியவர்கள் கண்ணிலும் படட்டும். இன்னொன்று, விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற முறை அது. பத்து நாள் பழகினால் கை ஓடும். இங்கே இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகள், ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி எழுத அது உதவும்.

பக்கத்து வீட்டுப் பெண் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா கிளம்பும்போது அவளும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் அவள் எழுதிக் காட்டிய நிரல், துறையில் அப்பா வேலை செய்த நாட்களையும் வரவேண்டிய கூலியையும் கணக்கிட்டுச் சொல்கிறது. இரண்டு நாள் கூலி விட்டுப்போயிருப்பதாக அது காட்டியதாம். தம்பி கேட்டு வாங்கிவிட்டார்.

லேப்டாப் வாங்கும் முன் யாருக்காவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் என் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது நோட்டீஸை மட்டும் கொண்டுவாருங்கள். முன்பணம் கட்டிவிட்டு வராதீர்கள்.