சிரைவழி ஹெராயின்: மருந்தின் கேடும் ஊசியின் கேடும்

முன்னுரை

அபினியிலிருந்து பெறப்படும் மார்பினை வேதிமாற்றம் செய்து 1874இல் உருவாக்கப்பட்ட ஹெராயினை, 1898இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அது ஊசிவழிச் சிரையில் ஏற்றப்படும்போது விளையும் கேடுகளுள் மருந்தால் வருவனவற்றையும் ஊசியால் வருவனவற்றையும் இக்கட்டுரை வேறுபடுத்தி விளக்குகிறது.

மருந்தால் விளைவன

ஹெராயின் சில நொடிகளில் மூளையை அடைந்து மார்பினாக மாறுகிறது. மூளைத்தண்டிலுள்ள சுவாச மையத்தை அது தணிப்பதால் மூச்சு மெலிந்து நின்றுவிடுகிறது. தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடல் மிகுந்த அளவையும் தாங்கப் பழகும். சிறையிலோ சிகிச்சையிலோ சில வாரங்கள் விலகியிருப்பின் அத்தாங்குதிறன் குறையும். அதன்பின் பழைய அளவே உயிரைப் பறிக்கும்.

ஊசியால் விளைவன

தூய்மையற்ற ஊசி தோலின் நுண்ணுயிரிகளைக் குருதிக்குள் செலுத்துகிறது. சிரைக்குருதி முதலில் இதயத்தின் வலப்புறத்தை அடைவதால் ஆங்குள்ள மூவிதழ் வால்வு பழுதுறுகிறது. பகிரப்படும் ஊசி எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சி சி வைரசையும் பரப்புகிறது. இதற்கு மணிப்பூர் சான்றாகும். பர்மாவிலிருந்து பெயர்ந்த தமிழர் வாழும் எல்லையூரான மோரே வழியாகவும் அங்கு ஹெராயின் நுழைந்தது. 1989-90இல், ஊசிவழிப் பயன்படுத்துவோருள் ஏறத்தாழப் பாதிப்பேரை ஆறே மாதங்களில் எச்.ஐ.வி. பற்றியது.

முடிவுரை

தூய ஊசி தொற்றைத் தடுக்கும், மூச்சடங்குவதைத் தடுக்காது. அதற்கு உரிய நேரத்தில் நலாக்சோன் வேண்டும். பியூப்ரினார்பின் மாற்றுச் சிகிச்சை ஊசியின் தேவையையே குறைப்பதால் இருவகைக் கேட்டையும் தணிக்கிறது. பழக்கத்திலிருந்து விலகியிருந்தவர் வீடு திரும்பும் நாள்களே பேரிடர் மிக்கவை. ஆதலின் சிகிச்சை அந்நாள்களிலும் தொடர்தல் இன்றியமையாதது.