சுகாதார, சமூகப் பராமரிப்புப் பணியாளரின் தொழில் உரிமைகளும் பொறுப்புகளும்

அறிமுகம்

நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ பூநகரியிலோ வாழும் ஒரு மாணவருக்குச் சுகாதாரப் பணியாளர் புதியவர் அல்லர். கர்ப்பிணித் தாயின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், நுளம்பு பெருகும் இடங்களைப் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விடுதியில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தாதிய உத்தியோகத்தர், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்லும் சிற்றூழியர், முதியோர் இல்லத்தில் உணவூட்டும் பராமரிப்பாளர் ஆகிய அனைவரும் இத்துறையைச் சேர்ந்தவர்களே. அவர்கள் பிறரைப் பராமரிக்கின்றனர். அவர்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் எவை? அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் பொறுப்புகள் எவை? இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடைகளை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. தொழில் ஒப்பந்தம்

ஒருவர் இன்னொருவரின் கட்டுப்பாட்டின் கீழ் வேதனம் பெற்றுப் பணியாற்ற உடன்படுவது தொழில் ஒப்பந்தம் எனப்படும். வேதனம் வழங்குபவர் தொழில்தருநர், பணியாற்றுபவர் ஊழியர். இவ்வொப்பந்தம் எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ அமையலாம். ஆகவே, நியமனக் கடிதம் இல்லை என்ற காரணத்தினால் மட்டும் ஒருவர் ஊழியர் அல்லாதவர் ஆகிவிடமாட்டார். எனினும் பிணக்கு ஏற்படும்போது நிரூபிப்பதற்கு எழுத்து ஆதாரமே துணைநிற்கும். மாணவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும்.

2. பணியாளர் வகைகள்

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது தொழில்தருநர் யார் என்பதிலேயே தங்கியுள்ளது.

(அ) மத்திய அரசின் ஊழியர்: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்று மத்திய சுகாதார அமைச்சின் கீழுள்ள நிறுவனங்களில் பணியாற்றுவோர். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை என்பன பொதுச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. லீவு முதலிய விடயங்களுக்குத் தாபன விதிக்கோவை பொருந்தும்.

(ஆ) மாகாண அரச ஊழியர்: 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் சுகாதாரம் மாகாணங்களுக்கும் பகிரப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் வருவன. இவற்றின் ஊழியர் விடயங்களை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு கையாளும்.

(இ) தனியார்துறை ஊழியர்: தனியார் வைத்தியசாலை, சிகிச்சை நிலையம், பராமரிப்பு இல்லம், அரச சார்பற்ற நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றுவோர். இவர்களுக்குத் தொழிற் சட்டங்கள் பொருந்தும். அவற்றை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களமாகும்.

(ஈ) தொண்டர்கள்: வேதனமின்றியோ சிறு கொடுப்பனவுடனோ பணியாற்றுவோர். சட்டப் பாதுகாப்பு மிகக் குறைந்த பிரிவினர் இவர்களே.

3. வன்னியின் அனுபவம்

தொண்டர் பிரிவு வன்னியைப் பொறுத்தவரை ஏன் முக்கியமானது? யுத்த காலத்தில் இங்குள்ள வைத்தியசாலைகளில் ஆளணிப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. 2009 பெப்ரவரி முதலாம் திகதி புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உலகிற்கு அறிவித்தது. நோயாளிகள் கொல்லப்பட்டனர். அதன்பின் வைத்தியசாலை புதுமாத்தளனுக்கும், பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் இடம்பெயர்ந்தது. அரச மருத்துவர்கள் சிலரும் தாதியரும் இறுதிவரை அங்கு பணியாற்றினர். அவர்களுடன் தொண்டர்களும் காயங்களுக்கு மருந்து கட்டினர். காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தனர். யுத்தத்தின்போது மருத்துவப் பணியாளரும் மருத்துவமனைகளும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளின் அடிப்படை விதியாகும்.

யுத்தத்தின் பின்னரும் வடக்கின் வைத்தியசாலைகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் சுகாதாரத் தொண்டர்கள் தொடர்ந்து பணியாற்றினர். அவர்கள் நிரந்தர நியமனம் கோரிப் பல தடவைகள் கவனயீர்ப்புப் போராட்டங்களை நடத்தினர். பல ஆண்டுகள் செய்த பணி, நியமனக் கடிதமோ சம்பளப் பதிவோ இல்லாதபோது உரிமையாக மாறுவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகின்றது. இடப்பெயர்வின்போது சான்றிதழ்களையும் பதிவேடுகளையும் இழந்தவருக்கு இக்கடினம் இரட்டிப்பாகும்.

4. ஊழியரின் உரிமைகள்

4.1 அரசியலமைப்பு உரிமைகள்: 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கின்றது. 14ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கும், அதில் சேரும் சுதந்திரத்தையும், சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தையும் வழங்குகின்றது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி 7 பேர் சேர்ந்து ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம்.

4.2 வேதனம்: 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய குறைந்தபட்ச வேதனத்தை நிர்ணயித்தது. ஆரம்பத்தில் மாதம் 10,000 ரூபாவாக இருந்த இத்தொகை, பின்னைய திருத்தங்களால் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

4.3 சேமலாப, நம்பிக்கை நிதியங்கள்: 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியத்திற்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். இந்த 3 சதவீதத்தை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழித்தல் தவறாகும்.

4.4 பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் 5 ஆண்டுகள் பூர்த்திசெய்த மாதச் சம்பள ஊழியர், பூர்த்திசெய்த ஒவ்வோர் ஆண்டிற்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாத அளவைப் பெற உரித்துடையவர்.

4.5 மகப்பேற்று லீவு: 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர் தனியார்துறைப் பெண் ஊழியருக்கு ஒவ்வொரு பிள்ளைப் பேற்றுக்கும் 84 நாட்கள் லீவு உண்டு. முன்னர் மூன்றாவது பிள்ளை முதல் இது குறைவாக இருந்தது. அரச ஊழியருக்குச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் வழங்கப்படும்.

4.6 பாதுகாப்பு: ஊசி குத்துதல், கிருமித்தொற்று, பாரம் தூக்குதல் என்பன இத்துறைக்கே உரிய ஆபத்துகளாகும். கையுறை, முகக்கவசம் முதலியவற்றை வழங்குவது தொழில்தருநரின் கடமை. 2020இல் கொவிட் 19 பரவியபோது இதன் பெறுமதியை முழு நாடும் உணர்ந்தது. கடமையின்போது ஏற்படும் காயத்திற்கு 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம்.

5. ஊழியரின் பொறுப்புகள்

உரிமையும் பொறுப்பும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்களாகும். இத்துறைப் பணியாளரின் பிரதான பொறுப்புகள் பின்வருமாறு:

• நோயாளியின் தகவல்களை இரகசியமாகப் பேணுதல். சிறிய கிராமத்தில் ஒரு சொல் வெளியே சென்றாலும் ஒரு குடும்பத்தின் மானம் பாதிக்கப்படும்.
• சாதி, மதம், இனம், வசதி பாராது அனைவரையும் சமமாகப் பராமரித்தல்.
• தகுதிக்கு அப்பாற்பட்ட சிகிச்சையைச் செய்யாதிருத்தல். தாதியர் 1988ஆம் ஆண்டின் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவுசெய்தல் வேண்டும்.
• கடமை நேரம் பேணுதல், அடுத்த முறையில் வருபவரிடம் கடமையை முறைப்படி ஒப்படைத்தல்.
• பதிவேடுகளை உண்மையாகவும் உடனுக்குடனும் எழுதுதல்.
• தவறு நிகழின் மறைக்காது மேலதிகாரிக்கு அறிவித்தல்.

கவனிக்க: தொழிற்சங்க நடவடிக்கை உரிமையாயினும், 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வைத்தியசாலைச் சேவை வர்த்தமானி மூலம் அத்தியாவசிய சேவையாக்கப்பட்டால், கடமைக்குச் சமுகமளிக்காமை தண்டனைக்குரிய குற்றமாகலாம்.

6. பிணக்குத் தீர்க்கும் வழிகள்

தனியார்துறை ஊழியர் சம்பளம், நிதியப் பங்களிப்பு பற்றிய முறைப்பாட்டை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கையளிக்கலாம். வேலை நீக்கம் பற்றி 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம்.

அரச ஊழியர் தொழில் நியாய சபைக்குச் செல்ல முடியாது. அவர் உரிய சேவை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: வவுனியாவில் 18 ஊழியர்களைக் கொண்ட தனியார் சிகிச்சை நிலையமொன்றில் யுவதி ஒருவர் 6 ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றினார். மாதச் சம்பளம் 40,000 ரூபா. நியமனக் கடிதம் வழங்கப்படவில்லை. நிதியங்களுக்குப் பணம் செலுத்தப்படவில்லை. ஒரு நாள் மாலை, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என வாய்மொழியாகக் கூறப்பட்டது.
(i) அவர் ஊழியரா? (ii) அவருக்குரிய தொகைகளைக் கணிக்க. (iii) அவர் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள் எவை?

விடை:
(i) ஆம். வேதனம் பெற்று நிலையத்தின் கட்டுப்பாட்டில் பணியாற்றியமையால் வாய்மொழி ஒப்பந்தம் உள்ளது.

(ii) சேமலாப நிதியம்: ஊழியர் பங்கு 3,200 ரூபா, தொழில்தருநர் பங்கு 4,800 ரூபா, மொத்தம் மாதம் 8,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்: மாதம் 1,200 ரூபா. பணிக்கொடை: 20,000 × 6 = 1,20,000 ரூபா.

(iii) நிதியங்கள், பணிக்கொடை பற்றித் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். வேலை நீக்கம் பற்றி 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சிட்டை, வங்கிப் பதிவு, வரவுப் பதிவேட்டின் பிரதி, கடமை அட்டவணை, உடன் பணியாற்றியோரின் சாட்சியம் என்பன ஆதாரமாகும்.

பரீட்சைக் குறிப்பு: மூன்றாம் பகுதிக்கு விடையளிக்கும் மாணவர் பலர் "நீதிமன்றம் செல்லலாம்" என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். எந்த நிறுவனம், எக்கால எல்லை, எந்த ஆதாரம் ஆகிய மூன்றையும் குறிப்பிடுக.

நினைவிற் கொள்க

வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. கிடைக்காவிடின் சேர்ந்த திகதி, சம்பளம், கடமை நேரம் என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைக்குக. சம்பளச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துக. அவற்றின் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் வைத்திருக்க. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட நேர்ந்த மண்ணில் வாழும் எமக்கு, ஒரு கடதாசியின் பெறுமதியை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.